பஞ்சத்திலும் பிணியிலும் நாவலரவர்கள்

நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களுடைய சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர்கள் செய்த கண்டனங்களையும், பரிசோதித்து அச்சிட்ட நூல்களையும், நாட்டிய வித்தியாசாலைகளையுமே விரித்துரைப்பர். அவையெல்லாம் நம் ஆசிரியர்கள் அறிந்தனவே. மாணாக்கருக்கு ஆண்டுதோறும் சொல்லி வருவனவே. அவர்களுடைய ஆயுளின் ஈற்றிலுள்ள நான்காண்டுகளை, அஃதாவது 1876ஆம் ஆண்டு தொடங்கி 1879ஆம் ஆண்டிறுதி வரையுள்ள காலத்தை, நின்று நோக்குவோர் சிலரே. முப்பதாண்டு பிரசங்க பீடத்திலிருந்து கற்பித்த சமயம் பசியின் முன்னும் மரணத்தின் முன்னும் நின்று நிலைக்குமோ என்பது சோதிக்கப்பட்ட காலம் அது. ஆதலால் முற்பகுதியைச் சுருக்கி, அக்காலத்தையே இங்கே சிறிது விரித்துரைப்பாம்.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18ஆந் தேதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் இளைய புதல்வராய்ப் பிறந்தார்கள். தந்தையார் நாடகங்கள் பல இயற்றிய புலவர். ஒரு நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் இறந்துபோக, ஒன்பது வயதுச் சிறுவராயிருந்த இவர்கள் எஞ்சிய பாகத்தைப் பாடி முடித்தார்கள் என்பர். இதனைப் புலமைக்கு உதாரணமாகவே எல்லாரும் எடுத்தாளுவர். எமக்கோ அதனுள் வேறொன்று தோன்றுகின்றது. தந்தையை இழந்த பிள்ளை அவர் விட்ட ஏட்டைக் கையிலெடுத்து எழுதியமை, துக்கத்துக்குத் தொழிலே மருந்தெனப் பிறர் சொல்லாமல் தானே உணர்ந்தமையைக் காட்டுமன்றோ? 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வும், 2004ஆம் ஆண்டின் கடற்கோளும், 2009ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த யுத்தமும் தந்தையற்றவராக்கிய பிள்ளைகளை வகுப்பிலே கண்ட ஆசிரியர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டுவதில்லை.

இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழ் கற்று, வெசிலியன் மிஷன் இங்கிலீசுப் பாடசாலையிலே பார்சிவல் பாதிரியாரிடத்து இங்கிலீசு கற்று, பின் அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, விவிலிய மொழிபெயர்ப்பிலே பாதிரியாருக்குத் துணைசெய்தார்கள். மிஷன் பாடசாலையிற் படித்த சைவர் அதனைச் சொல்ல நாணுவதுண்டு. யானும் அத்தகைய பாடசாலையொன்றிலே படித்தவனே. நாணுதற்கு அதில் யாதொன்றும் இல்லை. காலந்தவறாமை, கணக்கெழுதுதல், கூட்டங்கூட்டிப் பேசுதல், எளிய வசனத்திலே பாடப்புத்தகம் ஆக்குதல் என்னும் இவற்றை நாவலரவர்கள் அங்கே கண்டார்கள். கண்டவற்றைச் சைவத்துக்கு உரியனவாக்கினார்கள். பக்தி வேறு, நிருவாகம் வேறு என்று எண்ணுதல் அவர்களிடத்து ஒருபோதும் இருந்ததில்லை.

1847ஆம் ஆண்டு மார்கழி 31ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. 1848இலே சைவப்பிரகாச வித்தியாசாலை தாபிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே சம்பளமுள்ள உத்தியோகத்தை விட்டார்கள். 1849இலே அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு நல்லூர்ச் சதாசிவபிள்ளையோடு தமிழ்நாட்டுக்குச் சென்றபொழுது, திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். விவாகஞ் செய்துகொள்ளாமலும், பெருஞ்சம்பள உத்தியோகங்களை நாடாமலும் இருந்ததற்குக் காரணத்தை 1868ஆம் ஆண்டு வெளியிட்ட விக்கியாபனத்திலே அவர்களே உரைத்திருக்கின்றார்கள்: கல்வியும் சைவமும் வளர்தலின்மேல் வைத்த ஆசையே அது. தொடக்கத்திலே அவ்வித்தியாசாலையில் ஆசிரியர்கள் சம்பளம் பெறாமலே கற்பித்தார்கள் என்பதை, மாதமுடிவை எண்ணிக்கொண்டிருக்கும் நாம் ஒருகாற் சிந்திக்கலாம். அதிகஞ் சிந்திக்கவும் வேண்டா, அவர்களுக்கும் பசியிருந்தது.

பாலபாடங்களைப் பார்ப்பவர் ஒன்றை அறிவர். கடவுள், ஆன்மா, வினை என்று உயர்ந்த பொருள்களைக் கூறிய அதே புத்தகத்திலே கள்ளுண்ணல், சூது, களவு, கோபம் முதலிய அன்றாடக் கேடுகளும் பேசப்படும். சைவ வினாவிடையும் அவ்வாறே: திருநீறு தரிக்கும் முறை முதலாக வீட்டிலே பிள்ளை நாடோறும் செய்யத்தக்கன ஒவ்வொன்றும் வினாவாகவும் விடையாகவும் அமைந்திருக்கும். சமயம் என்பது காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கும் வரையிலுமுள்ள ஒழுக்கம் என்பதே அவர்கள் கொள்கை. அவ்வொழுக்கத்தில் இருபதாண்டு பழகியவனுக்கே இடுக்கண் வந்தகாலத்து மனம் கலங்காது நிற்கும்.

இனி அவ்விடுக்கண் வந்த காலத்துக்கு வருவாம். 1872இலே வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கென நாவலரவர்கள் தொடங்கிய இங்கிலீசுப் பாடசாலை பொருண்முட்டினால் 1876இலே மூடப்பட்டது. அத்தாது வருடத்திலேதான் இந்தியாவின் தென்பகுதியிலே மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் தொடங்கிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்திலே ஐம்பது இலக்கத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடுவர். அப்பொழுது இந்தியாவை ஆண்ட லிற்றன் பிரபுவின் அரசு, தானிய வியாபாரத்திலே தலையிடுதல் ஆகாதென்னும் கொள்கையைக் கடைப்பிடித்தது. பஞ்ச நிவாரண வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று ரிச்சார்ட் தெம்பிள் என்னும் அதிகாரி விதித்தமையை உலக சரித்திரக்காரர் இன்றும் கண்டிப்பர்.

கடலுக்கு இப்பாலுள்ள யாழ்ப்பாணம் அதனால் வருந்தியது ஏன்? நம் குடாநாட்டிலே ஆறில்லை. நெல் வானம் பார்த்தே விளைவது. விளைந்தது ஆண்டு முழுவதுக்கும் போதாது. புகையிலை முதலியவற்றை விற்றுக் கடல்கடந்து வரும் அரிசியை வாங்கியே நம் முன்னோர் குறைநிரப்பினர். இந்தியாவிலே அரிசி அரிதானபோது இங்கே விலை ஏறிற்று. கூலிவேலை செய்து அன்றன்று அரிசி கொள்வோர் அடுப்பு முதலில் அணைந்தது. பசியைத் தொடர்ந்து வாந்திபேதியும் அம்மையும் வந்தன. வாந்திபேதி நீராற் பரவுவதென்பதை லண்டனிலே ஜோன் சினோ என்னும் வைத்தியர் 1854இலேயே காட்டியிருந்தும், அதன் கிருமியைக் கொக் என்னும் ஜெர்மானியர் உறுதிசெய்தது 1884இலே. சுண்ணாம்புக் கற்பாறையின் மேலிருக்கும் நம்மூரிலே மேலே சிந்திய அசுத்தம் விரைவிற் கிணற்றைச் சேரும். மெலிந்த உடம்பும் கெட்ட நீரும் சேர்ந்தபின் மரணத்துக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வீட்டிலே சுடலைக்குப் போய் வந்தவரையே மறுநாள் சுடலைக்குக் கொண்டுபோகும் நாட்கள் அத்தகைய நோய்க்காலங்களில் உண்டு.

இங்கேதான் சைவ ஆசிரியன் ஒருவன் விடைசொல்லக் கடமைப்பட்ட வினா எழுகின்றது. இன்பமும் துன்பமும் அவரவர் வினைப்பயன் என்று நாம் கற்பிக்கின்றோம். அப்படியாயிற் பசித்திருப்பவன் தன் வினையை அநுபவிக்கின்றான். அதைத் தடுக்க நாம் யார் என்று ஒருவன் கேட்கலாம். கேட்போர் அக்காலத்திலும் இருந்திருப்பர். வயிறு நிறைந்திருப்பவருக்கு அந்நியாயம் மிக வசதியானது. நாவலரவர்கள் வினைக்கொள்கையை எட்டுணையும் தளர்த்தியவர்களல்லர். ஆயினும் தம் வாழ்க்கையாலே அதனைப் பொருள்கொண்ட வகை வேறு. எனக்கு வந்த துன்பத்தை என் வினையென்று கொண்டு பொறுத்தல் என் கடமை. பிறனுக்கு வந்த துன்பத்தை அவன் வினையென்று சொல்லிப் பார்த்திருத்தல் எனக்குப் புதிய தீவினை. தன் துன்பத்திலே விதியையும் பிறர் துன்பத்திலே முயற்சியையும் நினைப்பவன் சைவன். இரண்டையும் மாற்றி நினைப்பவன் சைவ வேடம் பூண்டவன். இது எம்முடைய வசனமேயாயினும் அவர்கள் செய்கையினின்று யாம் கற்றது.

அச்செய்கை யாதெனின், 1877ஆம் ஆண்டு அவர்கள் ஏற்படுத்திய கஞ்சித்தொட்டியாம். செல்வரிடத்தும் வணிகரிடத்தும் அரிசியும் பணமும் இரந்து பெற்று, பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். கஞ்சி வார்த்தலைச் சிறுசெயலென்று எண்ணற்க. அரிசி நாடோறும் வந்துசேர வேண்டும். விறகும் நீரும் பாத்திரமும் வேண்டும். முந்தியடிப்பவனே குடித்துப்போகாமல் நிற்கமாட்டாத கிழவிக்கும் அகப்பை எட்ட வேண்டும். பணந்தந்தவனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒருநாள் உருக்கம் எல்லார்க்கும் வரும். பல நாளும் பிசகாமல் அடுப்பெரிதற்கு உருக்கத்தோடு ஒழுங்கும் வேண்டும். அச்சுக்கூடத்திலும் வித்தியாசாலையிலும் முப்பதாண்டு பழகிய ஒழுங்கு அப்பொழுது பசித்தவர்க்கு உணவாயிற்று.

அவர்கள் அவ்வளவில் நிற்கவுமில்லை. வடமாகாணத்தின் அரசாங்க ஏசண்டராய் 1869 முதல் 1896 வரை இருந்தவர் துவைனந்துரை. சனங்கள் படும் துயரத்தை அவர் உள்ளவாறு கருதவில்லை என்பது நாவலரவர்கள் சாற்றிய குற்றம். ஏசண்டரென்றால் எழுந்து நின்று சால்வையை அரையிற் கட்டிய காலத்திலே, அவருக்கெதிராகக் கூட்டங்கூட்டியும் எழுதியும் வெளிப்படையாகப் பேசினார்கள். கடவுளுக்கு அஞ்சுதல் மற்றை அச்சங்களைக் குறைக்கும்போலும். அடுத்த பஞ்சம் வராதிருக்க வழியென்ன என்றும் எண்ணி, நெல் விளையத்தக்க கிழக்குப் பகுதி நிலங்களிலே கமஞ்செய்யும்பொருட்டு யாழ்ப்பாணத்தார் பலர் பங்கெடுத்துச் சேரும் விவசாய வர்த்தகக் கூட்டமொன்றையும் தொடங்க முயன்றார்கள். பசித்தவனுக்கு இன்று கஞ்சி, அவன் மகனுக்கு நாளை வயல் என்பதே அம்முயற்சியின் கருத்து. சமயப் பிரசாரகர் ஒருவருடைய வேலையோ இது என்று கேட்பவர் சமயத்தைக் கோயில் வீதிக்குள்ளே அடைத்தவராவர்.

ஈண்டு ஒன்றை மறையாது கூறுதல் வேண்டும். சாதியாசாரத்திலே நாவலரவர்கள் கொண்டிருந்த பிடிவாதம் இக்காலத்து நமக்கு உடன்பாடன்று. அவர்கள் தாபித்த பாடசாலைகளின் பயன் எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் ஒத்தவாறு கிடைக்கவில்லை. குருபூசைக் கூட்டங்களிலே இதனைச் சொல்லாது விடுகின்றோம். பெரியாரைப் போற்றுதற்கு அவரைக் குறையற்றவராக்க வேண்டுமென்னும் நியதி சைவத்தில் இல்லை. நாயன்மார் சரித்திரத்தைப் பெரியபுராண வசனமாக 1852இலே நமக்கு எளிதாக்கித் தந்தவர்களே அதனை நன்கறிவர்.

1879ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியாயிருந்த முத்துக்குமாரசுவாமி இறக்க, அவ்விடத்துக்கு இளைஞராகிய பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து உழைத்தார்கள். அவ்வாண்டு ஆடிச் சுவாதியிலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்திலே, வண்ணார்பண்ணை வித்தியாசாலையிற் செய்ததே இறுதிப் பிரசங்கம். அதன்பின் தேகம் தளர்ந்தது.

நம் கிராமங்களிலே ஒருவர் அந்தியகாலத்தை அடைந்தாரென்றால் வைத்தியரோடு ஆசிரியரையும் அழைப்பார்கள். திருமுறை ஓதும் குரல் ஒன்று வேண்டுமென்பதற்காகவே அவ்வழைப்பு. அவ்வாறு சென்றிருந்தவர்கள் அறிவார்கள்: போகின்றவர் கேட்கின்றாரோ இல்லையோ, சூழ்ந்திருப்பவருடைய பதைப்பு ஓதுங்கால் அடங்கும், தண்ணீர் கொடுக்கவும், பிள்ளைகளை அழைக்கவும், கதவைத் திறந்து காற்று வரவிடவும் கைகள் தாமே முற்படும். நாவலரவர்களுடைய இறுதியும் அத்தன்மையதே. மாணாக்கர் அருட்பாக்களை ஓத, விபூதியும் உருத்திராக்கமும் தரித்து, கங்காதீர்த்தம் உட்கொண்டு, சிவத்தியானத்தோடிருந்து தேகத்தை நீத்தார்கள் என்று சரித்திரம் எழுதினோர் கூறுவர். அது பிரமாதி வருடம் கார்த்திகை மாதம் மக நட்சத்திரம் கூடிய வெள்ளிக்கிழமை. 1879ஆம் ஆண்டு மார்கழி 5ஆந் தேதி. ஐம்பத்தேழு வயது நிறைவதற்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தன.

மனைவியும் மக்களும் இல்லாதவர் விட்டுப்போனவை வித்தியாசாலைகளும் அச்சுக்கூடமும் புத்தகங்களுமே. சிதம்பரத்திலே 1864இல் அவர்கள் தாபித்த வித்தியாசாலையையும் சென்னை அச்சுக்கூடத்தையும் சதாசிவபிள்ளை ஏற்று நடத்தினார். மருகராகிய பொன்னம்பலபிள்ளை புராணப் பொருள் விரிக்கும் தொண்டைத் தொடர்ந்தார். 1888இலே யாழ்ப்பாணத்திலே சைவ பரிபாலன சபை கூடிற்று. பணமின்றி 1876இலே மூடப்பட்ட இங்கிலீசுப் பாடசாலையின் நோக்கத்தை அச்சபையார் மறந்தாரல்லர். 1890இலே வண்ணார்பண்ணையில் அவர்கள் நிலைபெறச் செய்த பாடசாலையே இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி.