துடைப்பத்தில் தொடங்கிய கிடார்



நம் கலைவிழா ஒத்திகையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தோடு ஆரம்பிக்கிறேன். கிடார் வாசிக்கும் நண்பன் ஒரு டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பிராசஸர் கொண்டு வந்தான். டிபன் பாக்ஸ் சைஸ்தான் இருக்கும். வாசித்தால் ஒரே இரைச்சல். நான் ஈ.சி.ஈ. என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கோ கிடாரைப் பிடிக்கக்கூடத் தெரியாது! ஸ்க்ரீனைப் பார்த்தேன். எதிரொலி தரும் டிலே பிளாக் முதலிலும், ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பிளாக் அதற்குப் பின்னாலும் இருந்தன. எதிரொலிகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஃபஸ்ஸுக்குள் போய் நசுங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் இடம் மாற்றினேன், சத்தம் தெளிந்தது. எதற்குப் பின்னால் எதை வைப்பது என்பதை ஒரு கலையாகவே ஆக்கியவர் யார் என்று தேடியபோது கிடைத்தவர்தான் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்.

1942 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கிடைத்த வேலையைச் செய்தவர். அம்மா 1958-ல் இறந்துபோனார். பள்ளி நாட்களில் பையன் கையில் எப்போதும் ஒரு துடைப்பம் இருக்கும். அதைத்தான் கிடாராக நினைத்து வாசிப்பான்! இதைப் படித்ததும் எங்க வீட்டுத் துடைப்பமும் அம்மாவும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பள்ளியில் இருந்த ஒரு சமூகப் பணியாளர், இந்தப் பையனுக்குக் கிடார் வாங்க உதவித்தொகை கேட்டு எழுதிப் பார்த்தார். கிடைக்கவில்லை. 1957-ல் அப்பாவோடு ஒரு வீட்டில் குப்பை அள்ளப் போனபோது ஒற்றைக் கம்பி மட்டும் மிஞ்சிய ஒரு சின்ன உகுலேலே வாத்தியம் கிடைத்தது. அந்த ஒரு கம்பியிலேயே பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசித்தார். மறு வருஷம் 5 டாலருக்கு ஒரு பழைய கிடார். அவர் இடதுகைக்காரர். வலதுகைக் கிடாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டார்.

பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. திருட்டுக் காரில் போனதற்காக மாட்டிக்கொண்டு, ஜெயிலா ராணுவமா என்ற நிலையில் 1961-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 101-வது ஏர்போர்ன் பிரிவில் பாராசூட் வீரர். அடுத்த வருஷமே வெளியே வந்துவிட்டார். பிறகு சில ஆண்டுகள் லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசிக்கும் வேலை. 1966 செப்டம்பரில் சாஸ் சாண்ட்லர் என்பவர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கேதான் கதை மாறியது.

நம் பாடத்துக்கு வருகிறேன். ஹென்ட்ரிக்ஸ் காலடியில் இருந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலுக்குள் மொத்தமே இரண்டு டிரான்சிஸ்டர்கள்தான். 9 வோல்ட் பேட்டரி. முதலில் ஜெர்மானியம், பிறகு சிலிக்கான். ஜெர்மானியம் சூடானால் லீக்கேஜ் கரண்ட் ஏறும் என்று நாம் படித்தோமே, அது மேடை வெயிலில் சத்தத்தையே மாற்றிவிடும்! ரோஜர் மேயர் என்ற ஆங்கிலேயர், பிரிட்டிஷ் கடற்படைத் துறையில் ஒலி அதிர்வு ஆராய்ச்சி செய்தவர், ஹென்ட்ரிக்ஸுக்கு ஆக்டேவியா என்ற பெட்டியைச் செய்து கொடுத்தார். அதன் அடிப்படை என்ன தெரியுமா? நம்ம லேப்ல முதல் வருஷமே போட்ட ஃபுல் வேவ் ரெக்டிஃபையர்தான்! 50 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ் வருமே, அதேதான். ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். 1967-ல் வந்த பர்ப்பிள் ஹேஸ் பாட்டின் கிடார் தனி வாசிப்பில் கேட்பது அதுதான். நான் அந்த எக்ஸ்பெரிமென்டை ரெக்கார்டு நோட்டில் எழுதி கையெழுத்து வாங்கியதோடு மறந்துபோனவன். இதைக் கேட்ட அன்று சற்று வெட்கமாக இருந்தது.

யூனி-வைப் இன்னொரு அதிசயம். நடுவில் மின்னி மின்னி எரியும் ஒரு குட்டி பல்பு, சுற்றி நான்கு எல்.டி.ஆர். சிக்னல் இரண்டு வழியாகப் பிரியும். ஒன்று அப்படியே போகும், மற்றொன்று ஃபேஸ் நகர்ந்து போகும். கடைசியில் இரண்டையும் மிக்ஸ் செய்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பல்பு மின்னமின்ன அந்தப் பள்ளங்கள் நகரும், ஒலி சுழல்வது போலக் கேட்கும்.

இவற்றை அவர் கோர்த்த வரிசை: கிடார், வா-வா, ஃபஸ் ஃபேஸ், பின்பு யூனி-வைப், கடைசியில் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர். இரண்டு சாதாரண ஃபில்டர்களை இடம் மாற்றினால் அவுட்புட் மாறாது. ஆனால் நடுவில் அலையின் தலையை வெட்டும் ஃபஸ் ஒன்று வந்துவிட்டால், முன்னால் வைப்பதும் பின்னால் வைப்பதும் வேறு வேறு. இன்றைய டிஜிட்டல் பெட்டியில் எல்லாம் எண்கள். மிக்ஸ் என்பது பெருக்கிக் கூட்டுவதுதான். இரண்டு வழிகளைக் கூட்டும்போது உச்ச எண்ணைத் தாண்டினால் அங்கேயும் கிளிப் ஆகும். ஆனாலும் பிளாக்குகளை விரலால் நகர்த்தும்போது நாம் தேடுவது பெரும்பாலும் அவர் காலால் கண்டுபிடித்த வரிசையைத்தான் என்றால் மிகையாகாது.

ஸ்டுடியோவிலும் அப்படித்தான். முதல் ஆல்பம் வந்த 1967-ல் கிடைத்தது 4 டிராக் டேப். நான்கும் நிரம்பியதும் அவற்றை இன்னொரு மெஷினில் 2 டிராக்காக மிக்ஸ் செய்து, மீதி இரண்டில் பாட்டையும் தனி வாசிப்பையும் பதிவு செய்தார்கள். ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. நமக்கு இருக்கும் அன்டூ பட்டன் அவர்களுக்கு இல்லை!

1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, உட்ஸ்டாக். ஞாயிறே முடிந்திருக்க வேண்டிய விழா. கூட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்த முன்னாள் பாராசூட் வீரர் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிடாரில் வாசித்தார். நடுநடுவே குண்டு விழும் சத்தம், சைரன், அலறல். எல்லாம் ஒரு கிடார், அந்தப் பெட்டிகள், ஃபீட்பேக்! பாடல் வரி ஒன்றுகூட இல்லை.

அவருக்கு ஒரே பெரிய ஆசை, சொந்த ஸ்டுடியோ. நியூயார்க்கில் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோ 1970 ஆகஸ்ட் 26-ல் திறக்கப்பட்டது. இதற்குப் பிறகு நடந்ததை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. போதைப் பழக்கம் அவரை விடவில்லை. செப்டம்பர் 18 அன்று லண்டனில், அளவுக்கு மீறிய தூக்க மாத்திரைகளால், தூக்கத்திலேயே மூச்சடைத்து இறந்தார். வயது 27. ஸ்டுடியோ திறந்து 23 நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஸ்டுடியோ அதே தெருவில் இன்றும் இயங்குகிறது. மற்றவர்கள் வந்து பதிவு செய்கிறார்கள்.