வரிசைக்குக் கணக்குச் சொன்ன எர்லாங்



செமஸ்டர் ரிசல்ட் வரும் நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஹாஸ்டல் வராந்தாவில் எல்லார் கையிலும் செல்போன். ரிசல்ட் பக்கம் மட்டும் திறக்காது. சும்மா இருப்போமா நாம்? மறுபடி தட்டு... மறுபடி தட்டு... எல்லோரும் தட்டத் தட்ட, திறக்க இருந்ததும் திறக்காமல் போகும்! இதை வீட்டில் தாத்தாவிடம் சொன்னால் சிரிப்பார். அவர் காலத்தில் நாகர்கோவிலில் இருந்து மெட்ராசுக்குப் பேச வேண்டுமென்றால், ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

காலம் மாறிப்போச்சு, காத்திருப்பு மட்டும் மாறல!

ஆனால் இந்தக் காத்திருப்பையும் அளக்கலாம், அளந்தால் குறைக்கலாம் என்று நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிய ஒருவர் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் பிரிவுத் தோழர்கள் 'எர்லாங்' என்ற அலகைப் பாடத்தில் படித்திருப்பார்கள். இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்தும் இருப்பார்கள். அது ஒரு மனுசனுக்க பேரு மக்கா!

அக்னர் கிராருப் எர்லாங், 1878 ஜனவரி 1 அன்று டென்மார்க் நாட்டில் ஜட்லாந்து பகுதியின் லோன்போர்க் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். அம்மா வழி முன்னோர்களில் ஒருவர் தாமஸ் ஃபிங்கே. டேன்ஜென்ட், சீகென்ட் என்ற பெயர்களை 1583-ல் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். முதல் வருட கணக்குப் பரீட்சையில் நம்மைப் படுத்தின புண்ணியவான்!

வீட்டில் அண்ணன் புத்தகம் படிக்கும்போது சின்ன எர்லாங் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, எழுத்தைத் தலைகீழாகவே படிப்பாராம். 14 வயதில் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆரம்பத் தேர்வை, வயது போதாததால் தனி அனுமதி வாங்கி எழுதி, சிறப்பாகத் தேறினார். பிறகு ஊருக்குத் திரும்பி அப்பாவின் பள்ளியிலேயே உதவி ஆசிரியராக இருந்தார். 1896-ல் உதவித்தொகையுடன் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் சேர்ந்து, 1901-ல் கணிதத்தில் எம்.ஏ. முடித்தார். அடுத்த ஏழு வருடம் பள்ளிக்கூட வாத்தியார் வேலைதான்.

திருப்பம் கணித சங்கக் கூட்டத்தில் வந்தது. அங்கே ஜென்சன் என்பவர் அறிமுகமானார். பெரிய கணிதக்காரர், பிழைப்புக்கு கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் தலைமை என்ஜினீயர். அவர் மூலமாக 1908-ல் எர்லாங் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார்.

கம்பெனியின் தலைவலி என்ன தெரியுமா? ஆயிரக்கணக்கான சந்தாதாரர்கள். எல்லோருக்கும் தனித்தனி லைன் போட்டால் கம்பெனி திவால். குறைவாகப் போட்டால் லைன் கிடைக்காது, திட்டுதான் கிடைக்கும். அப்படியானால் எத்தனை லைன் போதும்? அனுபவஸ்தர்கள் குத்துமதிப்பாகச் சொல்லி வந்தார்கள். எர்லாங்கோ எண்ணிப் பார்த்தார். யார் எப்போது போன் செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஊரே சேர்ந்து செய்யும் அழைப்புகள் ஒரு நிகழ்தகவு விதிக்கு, பாய்சான் பரவலுக்கு, கட்டுப்படுகின்றன என்று 1909-ல் காட்டினார். 1917-ல் வந்த கட்டுரையில் இரண்டு சூத்திரங்கள் தந்தார். லைன் கிடைக்காமல் திரும்புகிறவர் எத்தனை பேர் என்பதற்கு ஒன்று, வரிசையில் நிற்கிறவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதற்கு ஒன்று.

நாமே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு அலுவலகத்தில் இருந்து மணிக்கு 40 அழைப்பு. ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். மொத்தம் 120 நிமிடப் பேச்சு, அதாவது 2 மணி நேரம். ஒரு மணிக்குள் 2 மணி நேர வேலை வருவதால் இதன் சுமை 2 எர்லாங். அப்போ 2 லைன் போதும்தானே? போதாது! எர்லாங் சூத்திரப்படி 2 லைன் இருந்தால் 100-க்கு 40 அழைப்பு திரும்பிவிடும். 4 லைன் போட்டால் 9 அல்லது 10 திரும்பும். 6 லைன் போட்டால் ஏறக்குறைய 1 மட்டுமே. சராசரியை நம்பிக் கட்டினால் கவிழ்ந்துவிடும் என்பதுதான் பாடம். திரும்பிப் போகிற அந்த 40-ல் ஒன்று, பிரசவ வலியில் துடிக்கிறவளுக்காக டாக்டரைக் கூப்பிடும் அழைப்பாகவும் இருக்கலாம் இல்லையா? சதவீதம் என்பது வெறும் எண் அல்ல, ஆள்!

இங்கே நமக்கு ஒரு பெருமையும் உண்டு. எர்லாங் சூத்திரத்தின் அடியில் ஒரு தொடர் இருக்கிறது. சுமையும் லைனும் சமமாக இருக்கும்போது வரும் அதே தொடரின் கூட்டுத்தொகை பற்றித்தான், வேலை கிடைக்காமல் சென்னையில் அலைந்துகொண்டிருந்த நம் ராமானுஜன் 1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் ஒரு கேள்வி போட்டார். அவர் டெலிபோனை நினைத்துப் போடவில்லை. ஆனாலும் அந்த விடையை வைத்து, லைன்கள் பெருகப் பெருக இழப்பு எப்படிக் குறைகிறது என்று இன்றைக்கும் கணிக்கலாம். 2 எர்லாங்குக்கு 2 லைன் என்றால் 40 சதவீதம் இழப்பு. 100 எர்லாங்குக்கு 100 லைன் என்றால் சுமார் 7.6 சதவீதம்தான்.

எர்லாங் நாற்காலிக் கணிதக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் அவருக்குப் பரிசோதனை உதவியாளர்கள் கிடையாது. கேபிள்களில் கசியும் மின்னோட்டத்தை அளக்க, ஏணி சுமக்கும் ஒரு தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து, மேன்ஹோலுக்குள் தானே இறங்குவார். சட்டையில் அழுக்குப் படாமல் என்ஜினீயர் ஆக முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசாதவர். நாடி வந்த ஏழைகளுக்குத் தாராளமாகக் கொடுத்தவர். ஏறத்தாழ 20 வருடம் உடம்பு சரியில்லை என்று லீவு எடுக்காமல் உழைத்தவர், வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் 1929 பிப்ரவரி 3 அன்று கண்மூடினார். வயது 51 தான். 1946-ல் டெலிபோன் போக்குவரத்தின் அலகுக்கு உலக அளவில் அவர் பெயரே வைக்கப்பட்டது.

டெலிபோன் கதை சரி, இன்டர்நெட்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? நிறைய உண்டு! செய்தியைப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து அனுப்பும்போது, ஒவ்வொரு ரூட்டரிலும் ஒரு வரிசை நிற்கிறது. 1960-களில் அமெரிக்காவில் கிளைன்ராக் அதை ஆராய்ந்தபோது, எர்லாங் போட்ட வரிசைக் கணக்கில் இருந்துதான் வளர்த்தார். எளிய ஒற்றை வரிசையில், லைன் பாதி நேரம் வேலை செய்தால் சராசரி 1 பாக்கெட்தான் அங்கே இருக்கும். 90 சதவீத நேரம் என்றால் 9. 95 சதவீதம் என்றால் 19! கடைசிச் சொட்டையும் பிழிய நினைத்தால் வரிசை எகிறிவிடும்.

1986 அக்டோபரில் அது கண்முன்னே நடந்தது. கலிபோர்னியாவில் சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு இடையே, நொடிக்கு 32,000 பிட் போன லைனில் வெறும் 40 பிட் போனது. தொலைந்த பாக்கெட்டை எல்லாக் கம்ப்யூட்டர்களும் மறுபடி மறுபடி அனுப்பி, நெரிசலை நெரிசலாலேயே பெருக்கின. நம்ம ரிசல்ட் நாள் கதைதான்! வான் ஜேக்கப்சன் 1988-ல் வழி சொன்னார். பைய ஆரம்பி, பதில் வர வரக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் உடனே குறை. பேச்சிப்பாறைத் தண்ணீரை மேல்மடைக்காரர் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் கடைவரம்பு வயல் காயும் என்று நாஞ்சில் நாட்டு விவசாயிக்குத் தெரியாதா? முறை வைத்தால்தான் எல்லோருக்கும் பாயும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் பாக்கெட்டுகளை எண்ணியபோது, அவை டெலிபோன் அழைப்புகள் மாதிரி வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வடசேரி பஸ் ஸ்டாண்டில் கூட்டம் குவிகிற மாதிரி, கொத்துக் கொத்தாக வந்தன. எர்லாங் சூத்திரத்தை அப்படியே போட்டால் தப்பாகும். அப்போ எர்லாங் தோற்றாரா? இல்லை! குத்துமதிப்பை நம்பாதே, இறங்கி எண்ணிப் பார் என்பதுதானே அவர் வாழ்க்கை? அவர் சூத்திரத்தைத் திருத்தியவர்களும் அவர் வழியில்தான் எண்ணினார்கள்.

தோழர்களே! நாளை நாம் கேபிள் இழுக்கப் போகிறோம், டவரில் ஏறப் போகிறோம், சர்வர் அறையில் இரவு விழிக்கப் போகிறோம். நெட் ஸ்லோ என்று யாராவது சொன்னால், உடனே பெரிய லைன் வாங்கச் சொல்லாமல், முதலில் ஒரு வாரம் அளந்து பார்ப்போம். அதுவரை... அடுத்த ரிசல்ட் நாளில் பக்கம் திறக்கவில்லையா? கொஞ்சம் பொறுத்துத் தட்டுங்க மக்கா. பைய தட்டினால் எல்லோருக்கும் திறக்கும்!