பெரிய பார் புகட்டிய பாடம்

மன்னார்க் கடலின் முத்துகளைப் போற்றியோர் பலர்; சிப்பிகளின் வாழ்வை எண்ணியும் அளந்தும் அறிய முயன்றோர் சிலர். அச்சிலருள் நான் பெரிதும் மதிப்பவர் வில்லியம் அபட் ஹெர்ட்மன்.

1858இல் எடின்பரோவிற் பிறந்த இவர், 1881இல் லிவர்ப்பூலில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியரானார். மன்னாரில் 1891க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றிருந்தது. காரணம் காணும் பணியை ஏற்று, 1902இன் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் துணைவருடன் இலங்கைக்கு வந்தார்.

அவ்வாண்டு மார்ச்சில், பெரிய பார் என்னும் கடலடித் திட்டில் இளஞ்சிப்பிகள் கணக்கின்றிப் படிந்திருந்தன. அந்த ஒரு பார்வையோடு ஆய்வு முடிந்திருப்பின், பெருஞ்செல்வம் காத்திருக்கிறது என்றே எவரும் கருதியிருப்பர். நவம்பரில் ஹார்னெல் மீண்டும் சோதித்தார். பார் வெறுமையாய்க் கிடந்தது. கரைக்கு நெடுந்தொலைவில், சோளகக் காற்றின் அலைகளுக்கு நேரே அமைந்த இடம் அது. அங்குள்ள குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்ற வேண்டும் என்பது ஹெர்ட்மனின் அறிவுரை.

1903 முதல் குளிப்பு செழித்தது. 1906இல் ஒரு கம்பெனி 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது; 1907க்குப் பின் பார்கள் பொய்த்தன. நல்ல ஆண்டுகள் சிலவற்றைக் கொண்டு நெடுங்காலத்தை அளந்ததன் விலை அது.

முத்துக்கு நாடாப்புழுவின் இளம்பருவமே காரணம் என்ற ஹெர்ட்மனின் கொள்கை பின்னர் நிலைக்கவில்லை. ஆயினும் திரும்பத் திரும்ப அளக்கும் நெறியை அவர் கைவிடவில்லை. 1907 முதல் மான் தீவின் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஆண்டுதோறும் வலையிட்டு எண்ணினார். 1916இல் மைந்தனைப் போரில் இழந்தார். 1919இல் லிவர்ப்பூலில் கடலியற் பேராசிரியர் பதவி அமையப் பொருள் வழங்கினார். 1924இல் மறைந்தார்.

இன்றைய மருத்துவ ஆய்வும் இந்நெறியிலேயே செல்கிறது. ஒரு நோயாளியின் குருதியழுத்தத்தைப் பத்து முறை அளப்பதும், பத்துப் பேரை ஒருமுறை அளப்பதும் ஒன்றல்ல. ஒருவரின் அளவுகள் ஒன்றோடொன்று உறவுடையன. அவ்வுறவையும், ஆளுக்காள் வேறுபடும் போக்கையும் ஒருங்கே கணிக்கும் முறையை லெயர்ட், வேர் இருவரும் 1982இல் விளக்கினர். ஹெர்ட்மன் காலத்தில் அக்கணிதம் இல்லை. ஆயினும் மார்ச்சு மாதத்துச் செழிப்பை நவம்பர் வரை நம்பாதிருக்கப் பெரிய பார் கற்பித்திருந்தது. மருந்தொன்று முதல் வாரத்திற் காட்டும் நலத்தையும் அவ்வாறே நோக்குதல் அறிவுடைமையாகும்.