கைகாட்டி மரம் நட்ட கணினி மேதை

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை)

செமாஃபோர், டெட்லாக் என்று மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருக்கிறது. அவர்தான் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

1930 மே 11 அன்று ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும்போதே, 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமராகச் சேர்ந்தார். 1957-ல் திருமணப் பதிவின்போது தன் தொழில் புரோகிராமர் என்றார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று மறுத்துவிட்டார்கள்! கடைசியில் இயற்பியலாளர் என்றுதான் பதிவானது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என்னப்பா படிக்கிறே என்று சொந்தக்காரங்க கேட்டால் விளக்கத் தெரியாமல் முழிப்பேன். இதைப் படித்ததும் ஒரு தைரியம் வந்தது.

1962-ல் ஐந்தோவன் நகரில் பேராசிரியரானார். அங்கே ஒரே கணினியில் பல வேலைகளை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தன் குழுவோடு உருவாக்கினார். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைத் திருத்தினால் கணக்கு தப்பாகிவிடும். அதற்கு அவர் கண்ட வழிதான் செமாஃபோர். நம்ம ஊர் ரயில் பாதையில் முன்பு நின்ற கைகாட்டி மரத்துக்கு அதுதான் பெயர். ஒரு வேலை உள்ளே இருக்கும்வரை அடுத்தது வெளியே காத்திருக்கணும். அப்படிக் காத்திருப்பது பிராசசர் நேரத்தை வீணாக்காமல் தூங்கும். அந்த நேரம் வேறொரு வேலைக்குப் போகும்.

ஆனால் கைகாட்டி மட்டும் போதாது. ஒரு நாள் எங்கள் லேபில் மல்டிமீட்டர் என் கையில், சால்டரிங் அயர்ன் நண்பன் கையில். இரண்டு பேருக்கும் இரண்டும் வேணும். யாரும் விடவில்லை. பெல் அடித்துவிட்டது, இருவருக்குமே ரீடிங் இல்லை! இதுதான் டெட்லாக். 1965-ல் டைக்ஸ்ட்ரா இதையே டேப் டிரைவுகளுக்குப் போட்டி போடும் ஐந்து கணினிகளாக வைத்துத் தேர்வில் கேட்டார். பிறகு அது சாப்பாட்டு மேசையில் ஐந்து தத்துவ ஞானிகள் கதையானது. எல்லோரும் இடது கை முள்கரண்டியை எடுத்துக்கொண்டு வலதுக்குக் காத்திருந்தால், அத்தனை பேரும் பட்டினிதான்.

அதைத் தவிர்க்க அவர் சொன்ன ஒரு வழி வங்கிக்காரர் முறை. அதிகபட்சம் எவ்வளவு வேணும் என்று ஒவ்வொருவரும் முன்பே சொல்லிவிடணும். கேட்டதைக் கொடுத்த பிறகும், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வேலையை முடித்துத் திருப்பித் தர வழி இருந்தால்தான் கொடுக்கலாம். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

1972-ல் டூரிங் விருது பெற்றார். 1984 முதல் 1999 வரை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். கணினி மேதையாக இருந்தும் கட்டுரைகளை மைப் பேனாவால்தான் எழுதினார்! 2002 ஆகஸ்ட் 6 அன்று மறைந்தார்.

இருப்பது கொஞ்சம், கேட்பவர் பலர். அதில் ஒருவரும் பட்டினி கிடக்காமல் பங்கிட ஒழுங்கான விதி வேண்டும். இந்தப் பாடம் கணினிக்கு மட்டுமல்ல, நம் லேபுக்கும்தான் நண்பர்களே!