அல்-குவாரிஸ்மி வகுத்த பங்கு

அரல் கடலுக்குத் தெற்கே அமைந்த குவாரிஸ்ம் நாட்டின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, ஏறத்தாழ 780 முதல் 850 வரை வாழ்ந்தவர். 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீஃபா மாமூனின் ஆதரவில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றினார். வானியல் அட்டவணைகள் வகுத்தார். நிலவியல் நூல் இயற்றினார். இந்திய எண்முறையை அரபு மொழியில் விளக்கினார். கணிப்பொறித் துறையினர் வழங்கும் அல்காரிதம் என்னும் சொல் அவர் பெயரின் திரிபே. இவை பலரும் அறிந்தவை. நாம் ஈண்டுச் சொல்ல விழைவது வேறு.

அவருடைய அல்-ஜப்ர் நூலைச் சமன்பாட்டு நூல் என்றே மாணவர் அறிவர். அந்நூலில் ஏறத்தாழப் பாதி, மரண சாசனமும் பாகப்பிரிவினையும் பற்றிய கணக்குகளாகும். அவற்றுள் ஒன்றைக் காண்போம்.

பெண்மணி ஒருவர் இறந்துவிடுகிறார். கணவரும் ஒரு மகனும் மூன்று மகள்களும் வாரிசுகள். தம் சொத்தில் எட்டில் ஒரு பங்கும் ஏழில் ஒரு பங்கும் அயலார் ஒருவருக்குச் சேர வேண்டுமென வஸிய்யத் செய்திருக்கிறார். வஸிய்யத் மூன்றில் ஒரு பங்கைக் கடந்தால் வாரிசுகளின் இசைவு வேண்டும் என்பது ஷரீஅத் விதி. கடந்ததா, இல்லையா? இரு பின்னங்களையும் கூட்டாமல் விடை கிடையாது.

தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடும் மாணவர் இன்றும் உளர். அவ்வாறு கூட்டின் 2/15 வரும். அது 1/7ஐக் காட்டிலும் சிறிது! இரு பங்கு பெற வேண்டியவர், அவற்றுள் பெரியதையும் முழுமையாகப் பெறாமல் போவார். எட்டாகப் பகுத்த கூறும் ஏழாகப் பகுத்த கூறும் அளவால் வேறு. அவற்றை அப்படியே கூட்டுதல் முழத்தையும் சாணையும் எண்ணிக் கூட்டுவது போன்றது. 8, 7 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 56. சொத்தை 56 கூறாக்கினால், எட்டில் ஒன்று 7 கூறு, ஏழில் ஒன்று 8 கூறு, ஆக 15. மூன்றில் ஒரு பங்கோ 18 கூறுக்கும் மேல். எனவே சாசனம் செல்லும். எஞ்சிய 41 கூறும் வாரிசுகளுக்கு உரியன.

இனி வாரிசுகளின் பங்கு. கணவருக்கு நான்கில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அதாவது 20 கூறில் கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள்களுக்கு மும்மூன்று. 41ஐ இருபதாக மீதியின்றிப் பகுக்க இயலாது. அல்-குவாரிஸ்மி 20ஐ 41ஆல் பெருக்கி 820 கண்டார். அதில் 15/41 ஆகிய 300ஐ அதனோடு கூட்டி, முழுச் சொத்தை 1120 கூறாகக் கொண்டார். அயலாருக்கு 140உம் 160உம் சேர்ந்து 300, கணவருக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருவருக்கும் 123. ஒரு கூறும் மிஞ்சவில்லை. எவர் பங்கும் குறையவில்லை. இத்தனையையும் குறியீடு ஏதுமின்றிச் சொற்களாலேயே அவர் எழுதிச் சென்றார் என்பது நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

செஸ்டர் நகர ராபர்ட் 1145இல் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தபோது பாகப்பிரிவினைப் பகுதியை விட்டுவிட்டார். அந்தச் சட்டம் அவர்தம் நாட்டில் வழக்கில் இல்லாமை காரணம் போலும். சமன்பாடுகள் மட்டுமே ஐரோப்பாவிற்குச் சென்றன. பிரெடரிக் ரோசன் அரபு மூலத்தோடு 1831இல் இலண்டனில் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பில் இக்கணக்கும் இடம்பெற்றது.