கேரேஜ் ஹீட்டரை எத்தனை டிகிரியில் வைப்பது? பதிலுக்குப் பின்னால் ஒரு வாத்தியார்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனிக்காலத்தில் மைனஸ் 10 டிகிரி எல்லாம் சகஜம். அங்கே வைட்வாட்டர் ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தியவர் வாரன் ஜான்சன். 1847-ல் வெர்மான்ட்டில் பிறந்தவர். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. அச்சக வேலை, நில அளவை என்று சுற்றிவிட்டுத்தான் வாத்தியார் ஆனார்.

பள்ளியைச் சூடாக்கும் உலை அடித்தளத்தில் இருந்தது. பணியாளர் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பமானியைப் பார்ப்பார்; பிறகு கீழே இறங்கிப்போய் சூட்டைக் கூட்டுவார், குறைப்பார். பாடம் நடுவிலேயே நின்றுபோகும். இந்தத் தொல்லைக்கு ஜான்சன் கண்ட வழி, அறையின் சூடு மாறினால் அடித்தளத்தில் மணி அடிக்கும் கருவி. 1883-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கவனிங்க, அது மணி மட்டும்தான் அடித்தது. உலையைத் திருப்ப ஆள் வேண்டியிருந்தது.

1885-ல் மில்வாக்கியில் கம்பெனி தொடங்கினார். அழுத்தப்பட்ட காற்றால் வால்வுகள் தானாகவே திறந்து மூடி, ஒவ்வொரு அறையின் சூட்டையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 1895-ல் காப்புரிமை கிடைத்தது. ஆள் இல்லாத அறைக்கு எதற்கு முழுச் சூடு? சிக்கனத்தின் மொத்த சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

மனுஷன் இதோடு நிற்கவில்லை. கோபுரக் கடிகாரம் செய்தார், நீராவியில் ஓடும் மோட்டார் வண்டியும் செய்தார். 1911-ல் அவர் இறந்த பிறகு, கம்பெனி வண்டியையெல்லாம் விட்டுவிட்டு வெப்பக் கட்டுப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டது. அதுதான் பின்னாளில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ்.

இப்போ, வண்டி நிற்கும் கேரேஜுக்கு வருவோம். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 30 டிகிரி. உள்ளே 5 போதும் என்றால் வித்தியாசம் 15தான். சுவர், கதவு வழியாக வெளியேறும் வெப்பம் கிட்டத்தட்ட பாதி. செலவும் அப்படியே குறையும். தண்ணீர்க் குழாய் உறையாமலும் இருக்கும். உள்ளே வேலை பார்க்கும்போது மட்டும் 15-க்கு ஏற்றினால் போதும்.

சீக்கிரம் சூடாகட்டும் என்று 30-ல் வைப்பது வீண். சாதாரண ஹீட்டர் ஒரே வேகத்தில்தான் சூடாக்கும், நிற்க மட்டும் லேட்டாகும். நாம் ஏசியை 16-ல் வைக்கிறோமே, அதே தப்பு. தெர்மோஸ்டாட்டைக் கதவுப் பக்கமோ ஹீட்டருக்கு நேர் எதிரிலோ மாட்டினாலும் கணக்கு தப்பும். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால், முதலில் அதற்கு ஒரு ரப்பர் பட்டை போடுங்க.