அடுப்படியில் விடை கண்ட இராமானுஜன்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். பதினாறாம் வயதில் கார் என்பவரின் கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 முடிவுகள் கொண்ட அந்நூலில் நிரூபணங்கள் மிகச் சுருக்கம். அவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதே அவருக்குப் பயிற்சியாயிற்று. பிற பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகை பறிபோயிற்று, எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தவறினார். (நம் வீட்டுப் பிள்ளை அவ்வாறு தவறினால் உடனே விசாவுக்கு அலைகிறோம்!)

1911-இல், முடிவின்றித் தொடரும் வர்க்கமூலக் கணக்கொன்றை இந்தியக் கணிதக் கழகச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விடுத்தார். மாதங்கள் கடந்தும் எவரும் விடுவிக்காமையால் தாமே விடுவித்தார். விடை வெறும் 3.

1914-இல் கேம்பிரிட்ஜில் அவர் காய்கறி கிளறிக்கொண்டிருக்கையில், நண்பர் மஹலனோபிஸ் பத்திரிகைப் புதிர் ஒன்றை வாசித்தார். 1 முதல் வரிசையாக எண்ணிட்ட வீடுகள் கொண்ட தெரு. ஒரு வீட்டின் இருபுறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். 288 வீடுகளில் 204-ஆம் வீடு என மஹலனோபிஸ் முயன்று கண்டிருந்தார். இராமானுஜனோ கிளறியபடியே, இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் விடை தரும் தொடர் பின்னத்தைச் சொன்னார். மாணவக் கண்மணிகள் 8 வீடுகளில் தொடங்கலாம்: 6-ஆம் வீட்டின் இருபுறமும் 15. அடுத்த தெருவில் 49 வீடுகள். அவ்வீட்டின் எண்ணை அவர்களே காணட்டும்.

1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் காலமானபோது இராமானுஜனுக்கு வயது 32. இறுதி மாதங்களில் நோய்ப்படுக்கையிலும் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்.